பக்கத்துப் படகு

வட்டவளை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வழக்கம்போல மழை. நீ திருகோணமலைக் கடலில் பாய்ப்படகு ஓட்டப் பழகுவதையே உங்கம்மா இன்னும் முழுசாக நம்பவில்லை. பந்தயத்தில் உன்னோடு ஓடிய அந்தக் கொழும்புப் பிள்ளை உனக்குச் செய்ததை மட்டும் நன்றாக விளங்கிக்கொண்டாள்.

காற்று வரும் பக்கமாக வந்து உன் பாய்க்குக் காற்றே கிடைக்காமல் மறைத்தாள் என்கிறாய். அது வஞ்சகமில்லை புள்ள, அதுதான் பந்தயம். அவளோடு மல்லுக்கட்டாமல் படகை மறுபக்கம் திருப்பி, மறைப்பில்லாத காற்றைப் பிடி. ஆனால் மிதவைக்குப் போகும் வழியில் இடித்தாளே, அது வேறு கதை. இடப்பக்கத்தில் காற்று வாங்கி வரும் படகு, வலப்பக்கத்தில் காற்று வாங்கும் படகுக்கு விலகிக் கொடுக்கத்தான் வேண்டும். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் விதி உன் பக்கம். அந்த இடத்திலேயே ‘புரொடெஸ்ட்’ என்று சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். 6 மீற்றருக்குக் குறைந்த படகுக்குச் சிவப்புக் கொடிகூடத் தேவையில்லை. சொல்லிவிட்டு ஓட்டத்தைப் பார். மிச்சத்தைக் கரைக்கு வந்து எழுதிக்கொடு. மலைக்குள் இருக்கிற மாமாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிரிக்காதே. நீ அனுப்பிய விதிப்புத்தகத்தை உன்னைவிட ஒழுங்காக வாசித்தவன் நான்.

அந்தப் புத்தகத்தின் முதல் விதி வெல்வதைப் பற்றியதல்ல, ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்வதைப் பற்றியது. அதை வாசித்தபோது அபிலாஷ் டோமி நினைவுக்கு வந்தார். கேரளத்துக்காரர், அப்போது இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்தவர். 2018இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்டார். 1968ஆம் ஆண்டுக் காலத்துக் கருவிகளுக்குத்தான் அனுமதி: காகித வரைபடமும், வானத்தைப் பார்த்து இடமறியும் செக்ஸ்டன்டும். செப்டெம்பரில் தென் இந்தியப் பெருங்கடல் புயலில் படகு முழுசாகப் புரண்டு பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பு உடைந்தது. அதே புயலில் அயர்லாந்துப் போட்டியாளர் கிரெகர் மக்கக்கினின் பாய்மரமும் முறிந்திருந்தது. அவர் கிடைத்ததைக் கட்டி ஒரு மரத்தை நிறுத்திக்கொண்டு அபிலாஷை நோக்கித் திரும்பினார். முந்தி வந்து தூக்கியது ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல். ஆனாலும் அந்த முறிந்த படகு திரும்பிய திசை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முதுகில் டைட்டேனியம் வைத்துக்கொண்டு அபிலாஷ் 2022இல் மறுபடி புறப்பட்டார். தானியங்கிச் சுக்கான் உடைந்தபோது கழிவறைக் கதவை அறுத்து அதற்குத் துண்டு செய்தார். படகில் மிஞ்சும் பலகையையும் கயிற்றையும் நீயும் சும்மா நினைத்துவிடாதே. அந்த முறை 16 பேர் கிளம்பினார்கள். இடையில் நிற்காமல் முடித்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்களில் பலரை வீழ்த்தியது போட்டியாளரல்ல. உடைந்த தானியங்கிச் சுக்கானும், படகின் அடியில் ஒட்டிய சிப்பி போன்ற கடலுயிர்களும்தான்.

அதே பந்தயத்தில், நவம்பரில், பின்லாந்துக்காரர் தாப்பியோ லெஹ்தினெனின் படகு சில நிமிடங்களில் மூழ்கியது. சுமார் 100 கடல் மைல் தள்ளி ஓடிக்கொண்டிருந்த தென்னாபிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நியூஷேஃபர், பந்தயத்தை விட்டுத் திரும்பி இரவெல்லாம் ஓட்டிப்போய் அவரை ஏற்றினார். ஒரு வாய் ரம் கொடுத்து, ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டுத் தன் வழியில் போனார். இழந்த நேரத்துக்கு ஈடாக 35 மணித்தியாலம் அவருக்குச் சலுகையாகக் கொடுக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 27இல் கரை சேர்ந்து அவரே பந்தயத்தை வென்றார். தனியே உலகைச் சுற்றும் இப்படியொரு பந்தயத்தை வென்ற முதல் பெண். 29ஆம் திகதி அபிலாஷ் இரண்டாவதாக வந்தார்.

ஆகவே அந்தக் கொழும்புப் பிள்ளையோடு பேசாமல் இருக்காதே. விதிப்படி முறையிடு, அடுத்த சுற்றில் முந்தப் பார், ஆனால் அவள் படகு கவிழ்ந்தால் முதலில் போகிறவள் நீயாக இரு. புறப்படுமுன் கயிறுகளையும் சுக்கான் ஆணியையும் கையால் தொட்டுப் பார். அப்புறம், லைஃப் ஜக்கெட் போட்டுத்தான் ஓடுகிறாய் என்று உங்கம்மாவுக்கு ஒரு வரி தனியாக எழுதிப் போடு.

அன்புடன்,
மாமா