கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி

தம்பி தங்கைகளே, போன மாதம் நம் கிளையின் புலனக் குழுவில், ஞாயிறு தேவார வகுப்புக்கு யாரெல்லாம் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தேன். எல்லாரும் உடனே பதில் போட்டார்கள், பார்வையில்லாத ஓர் அண்ணனைத் தவிர. "விருப்பமில்லன்னா சொல்லிடுங்கண்ணா" என்று எழுதிவிட்டேன். ஏழு நிமிடம் கழித்து வந்தது பதில்: "தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி."

வெட்கமாகிவிட்டது. படிப்பது பொறியியல், அவர் எப்படித் தட்டுகிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

கணினி விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளைத் தடவிப் பாருங்கள், சின்ன மேடு இருக்கும். பழைய பொத்தான் கைப்பேசிகளில் 5-ஆம் எண்ணில் இருந்தது. கண்ணாடித் திரையில் தடவ ஒன்றுமில்லை. அதனால் திரைவாசிப்பான் அந்த வேலையைக் காதுக்குக் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டில் இதற்குப் பெயர் டாக்பேக். ஐபோனில் வாய்ஸ்ஓவர், 2009-இல் வந்தது. விரலைத் திரையில் வைத்து மெதுவாக நகர்த்தினால், அடியில் இருக்கும் எழுத்தைக் குரல் சொல்லும். வேண்டிய எழுத்து கேட்டதும் விரலை எடுத்தால் அது பதியும். இருமுறை தட்டினால்தான் பதிய வேண்டும் என்றும் மாற்றி வைக்கலாம்.

நீங்களும் செய்து பாருங்கள். ஆனா, நிறுத்துவது எப்படி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு ஒரு தட்டு தேர்வு மட்டும்தான் செய்யும், திறக்க இரண்டு தட்டு வேண்டும். இது தெரியாமல் நான் அரை மணி நேரம் முழித்தேன்!

கண்ணை மூடி 'பழனி மலை' என்று தட்டினேன். ல, ள, ழ மூன்றும் அந்த வேகத்தில் என் காதுக்கு ஒன்றாகவே கேட்டன. வந்தது 'பளனி மழை'. அண்ணன் சிரித்துவிட்டு, "காத மட்டும் நம்பாதே, இடத்த மனப்பாடம் பண்ணு" என்றார். அவர் பயன்படுத்துவது தமிழ்99. அதில் ள மேல் வரிசை. ல, ழ கீழ் வரிசை. உயிரெழுத்துகள் இடப்பக்கம்.

ஆங்கிலத்தில் அவர் என்னைவிட வேகம். பிரெயில் உள்ளீடு என்று ஒன்று உண்டு. ஐபோனில் 2014-இலும் டாக்பேக்கில் 2020-இலும் வந்தது. கைப்பேசியைப் படுக்கையாக, திரை வெளியே பார்க்கும்படி பிடித்து, இரு கைகளிலும் மும்மூன்று விரல்களால் ஆறு புள்ளிகளை அழுத்துகிறார். ஒரே அழுத்தில் ஓர் எழுத்து. திரையைச் சுத்தமாக இருட்டாக்கிவிட்டே தட்டுகிறார், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாது.

நம் குழுவில் இன்னொரு தவறும் நடக்கிறது. நிகழ்ச்சியின் நாளையும் நேரத்தையும் அழகான படமாக மட்டும் போடுகிறோம். திரைவாசிப்பான் அதை ஒழுங்காகப் படிக்கும் என்று நம்ப முடியாது. கீழே நான்கு வரி எழுத்தாகவும் போடுங்கள். அடுத்த வகுப்பு அறிவிப்பை நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன். பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம் உண்டு.