கட்டி விளையாடும் பாடம்

"கணினி அறையில் விளையாட்டா?" இவ்வாண்டு எங்கள் வகுப்புத் தோழியர் பலருடைய இல்லங்களில் எழுந்த கேள்வி இது. ஒரு தோழியின் தந்தையார் பள்ளிக்கே வந்துவிட்டார். பிள்ளை படிக்க வருகிறாளா, வீடியோ கேம் ஆட வருகிறாளா என்று அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. நீண்ட விளக்கம் எதுவும் கூறாமல், "புதன்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள்" என்று மட்டும் சிஸ்டர் சொன்னார். அவரும் வந்தார். அன்று நடந்ததைச் சொல்லுமுன், இவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்.

மைன்கிராஃப்ட் என்னும் இவ்விளையாட்டு சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தது. மார்க்கஸ் பெர்சன் என்பவர் இதன் முதல் வடிவை 2009-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டார். முழுமை பெற்ற வடிவம் 2011 நவம்பரில் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை உருவாக்கிய நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2016 நவம்பரில் பள்ளிகளுக்கென்றே தனிப் பதிப்பு ஒன்று வெளியாயிற்று. 2023-க்குள் இவ்விளையாட்டு 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாம்!

இதன் உலகில் மண், கல், மரம் யாவும் கனசதுரங்களே. ஒவ்வொன்றையும் பிளாக் என்பர். அதன் ஒரு பக்கம் ஒரு மீட்டர். மரத்தை வெட்டிப் பலகை ஆக்கலாம். பலகையிலிருந்து கடப்பாறை போன்ற ஒரு கருவி செய்யலாம். மரக்கருவி கல்லை உடைக்கும், கல்கருவி இரும்புத் தாதுவை எடுக்கும், வைரத்திற்கு இரும்புக் கருவியேனும் வேண்டும். மூன்று கோதுமைக் கதிர்கள் சேர்ந்தால் ஒரு ரொட்டி. வயலுக்கு நான்கு பிளாக் தொலைவிற்குள் தண்ணீர் இருந்தால்தான் மண் ஈரமாக இருக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து இருபதே நிமிடம். இரவில் பூதங்கள் வரும். படுக்கையில் படுத்துறங்கினால் உடனே விடிந்துவிடும். ஆனால் பலர் கூடி ஆடும்போது, வழக்கமான அமைப்பில், எல்லோரும் படுத்தால்தான் விடியும். ஒருத்தி மட்டும் "இதோ வந்துவிட்டேன்" என்று சுரங்கத்தில் நின்றுகொண்டிருந்தால் மற்ற அனைவரும் படுக்கையில் காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் விடுதித் தோழியருக்கு இது மிகப் பழகிய காட்சி!

பள்ளிப் பதிப்பில் ஒரு கணினி உலகத்தைத் திறந்து வைக்கும். நான்கு சிறு படங்கள் கொண்ட ஓர் அடையாளத்தைப் பார்த்து, மற்றவர்கள் தத்தம் கணினியில் அதே படங்களை அழுத்தி உள்ளே நுழைவர். திறந்து வைத்த கணினி நின்றால் எல்லோருக்கும் உலகம் மறைந்துவிடும். ஒருமுறை மின்வெட்டில் அவ்வாறே ஆயிற்று. அரைமணி நேர வேலையில் எவ்வளவு தங்கியது என்று பதைத்துப் போனோம்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி, ஆற்றின் இரு கரையிலும் ஒரு சிற்றூர் அமைப்பது. தொடக்கத்தில் எல்லாம் தவறாகவே நடந்தது. வீட்டில் அண்ணன் தம்பிகளுடன் ஆடிப் பழகிய ஒரு தோழி, ஒரே பாடவேளையில் தனியாக மூன்று வீடுகளைக் கட்டி முடித்தாள். அவள் குழுவில் இருந்த மற்ற மூவரும் அவள் முதுகுக்குப் பின் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீடுகள் அழகாயிருந்தன என்பது உண்மை. ஆனால் அம்மூவரில் இருவர் அதற்கு முன் மவுசைத் தொட்டதே இல்லை, அன்றும் தொடவில்லை. அடுத்த வாரம் சிஸ்டர் ஒரு விதி செய்தார். ஆடத் தெரிந்தவள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். வாயால் மட்டும் சொல்லலாம். தெரியாதவள் கையே வேலை செய்யும். முதல் நாள் அத்தோழிக்கு அழுகையே வந்துவிட்டது. "இடது பக்கம் என்றால் எந்த இடது?" என்று கேட்கப்பட்டபோதுதான், தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லத் தனக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்ததாக அவளே பின்னர் எங்களிடம் கூறினாள்.

இம்முறைக்கு ஒரு பழைய உறவுமுறை உண்டு. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இன வேறுபாட்டால் பிரிந்திருந்த மாணவர்கள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்து ஒருவரோடொருவர் பகைத்தபோது, எலியட் ஆரன்சன் என்னும் உளவியலறிஞர் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். பிறர் துண்டைக் கேட்காமல் எவரும் பாடத்தை முடிக்க இயலாது. குழுவாக உட்கார வைத்தால் மட்டும் போதாது, ஒருவர் இன்றி ஒருவருக்கு ஆகாது என்னும் நிலை வேண்டும் என்பதே அவர் கண்டது. விளையாட்டு தானாக இதைச் செய்துவிடாது என்பதற்கு எங்கள் மூன்று வீடுகளே சான்று.

ஸ்டாக்ஹோமிலேயே விக்டர் ரிட்பெரி என்னும் பள்ளியில் 13 வயது மாணவர்கள் அனைவருக்கும் மைன்கிராஃப்ட் கட்டாயப் பாடமாக வைக்கப்பட்டது 2013-இல் செய்தியாயிற்று. நகரமைப்பும் சுற்றுச்சூழலும் அதில் கற்பிக்கப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டே ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்ட அமைப்பு இவ்விளையாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. நைரோபி நகரின் கிபேரா குடிசைப் பகுதியில் ஒரு விளையாட்டுத் திடலை எப்படிச் சீரமைக்கலாம் என்று அவ்வூர் மக்களே திரையில் கட்டிக் காட்டினார்கள். எங்களை மிகவும் கவர்ந்தது வியட்நாமில் நடந்தது. ஹனோய் நகரின் புறத்தேயுள்ள கிம் சுங் என்னும் இடத்தில் நம் வயதுப் பெண்கள், தாங்கள் அஞ்சி நடக்கும் இடங்களை இவ்விளையாட்டில் அமைத்து, அவை எப்படி மாற வேண்டும் என்பதையும் கட்டிக் காட்டினார்கள். "அங்கே போகப் பயமாயிருக்கிறது" என்று வாயால் சொன்னால், நீ ஏன் அங்கே போகிறாய் என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். கட்டிக் காட்டிய இடத்தைப் பார்த்து அப்படிக் கேட்பது கடினம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

டென்மார்க்கின் அனுபவமும் உண்டு. 2014-இல் அந்நாட்டு அரசின் நில அளவைத் துறை, நாடு முழுவதையும் அளவு குறையாமல் மைன்கிராஃப்டில் அமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. வெடிமருந்தைப் பயன்படுத்த முடியாதபடி தடுத்தும் வைத்திருந்தது. ஆனால் வெடிமருந்து ஏற்றிய தள்ளுவண்டியைத் தடுக்க மறந்துவிட்டார்கள்! சில வாரங்களில் யாரோ புகுந்து சில இடங்களைத் தகர்த்துவிட்டார்கள். பள்ளிப் பதிப்பில் ஆசிரியர் எல்லைச் சுவர் எழுப்பலாம். குறித்த இடத்தில் கட்டவோ உடைக்கவோ கூடாதென்றும் தடுக்கலாம். எங்கள் சிஸ்டர் அவற்றைப் பயன்படுத்தவில்லை. பிறர் சுவரை உடைத்தவள் அவளிடமே போய்ச் சொல்லிவிட்டு, தானே கட்டித்தர வேண்டும். இரண்டு முறை அவ்வாறு நடந்தது. மூன்றாம் முறை நடக்கவில்லை.

இனி அந்தப் புதன்கிழமை. ஆற்றின் மேல் பாலம் கட்டும் வேலை இரு குழுக்களுக்குத் தரப்பட்டிருந்தது. கீழ்க்கரையிலிருந்து ஒன்று, மேல்கரையிலிருந்து மற்றொன்று. தோழியின் தந்தையார் பின் வரிசையில் அமர்ந்திருந்த வேளையில் பாலத்தின் இரு முனைகளும் நடு ஆற்றில் சந்தித்தன. அல்ல, சந்திக்கவில்லை. ஒன்று ஐந்து பிளாக் உயரத்திலும், மூன்று பிளாக் விலகியும் நின்றது. உடனே கூச்சல் எழுந்தது. நீங்கள்தான் மாற்றினீர்கள், இல்லை நீங்கள்தான் என்று இரு குழுவும் எழுந்து நின்றோம். சிஸ்டர் வாய் திறக்கவில்லை. அவரோ எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தார். அவர் கட்டட மேஸ்திரி என்பது எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரியும்.

"ரெண்டு பக்கமும் வேலை தொடங்குறதுக்கு முன்னே மட்டம் பார்த்தீங்களாம்மா? நூல் கட்டாம சுவர் எழுப்பினா இப்படித்தான் ஆகும்" என்றார்.

நூலும் இரசமட்டமும் இவ்விளையாட்டில் ஏது என்று விழித்தோம். அவர் மகளே, எப்போதும் வாய் திறவாதவள், திரையின் மூலையில் உள்ள மூன்று எண்களைச் சுட்டிக் காட்டினாள். நடு எண் உயரம். ஒரு முனையில் 66, மறு முனையில் 71. அந்த எண்கள் முதல் நாளிலிருந்து எங்கள் கண்முன் இருந்தன. எவரும் குறித்து வைக்கவில்லை.

அடுத்த சண்டை, யார் இடிப்பது என்பது. குற்றம் யாருடையது என்று முடிவாகவில்லை; இன்றுவரை முடிவாகவில்லை என்றே சொல்லலாம். கடைசியில் குறைவாகக் கட்டிய பக்கம் இடிப்பது என்று பேசி முடித்தோம். மேல்கரைக் குழுவினர் 25 பிளாக் நீளத்தை இடித்து, எங்களோடு சேர்ந்து மீண்டும் கட்டினார்கள். அதற்கு இரண்டு பாடவேளை சென்றது. அன்று முதல் அம்மாணவியே எங்கள் மட்டக்காரி. நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கட்டடத்தின் எண்களையும் எழுதி வைப்பாள். அவள் தலையசைக்காமல் ஒரு பிளாக்கும் வைக்கப்படாது. தேர்வு வந்துவிட்டதால் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் பாதியில் நிற்கிறது. அந்த நோட்டுப் புத்தகத்தை அடுத்து வரும் வகுப்பினருக்காகக் கணினி அறை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம்.