இஞ்சி கொஞ்சம் அதிகம்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய குறும்படத்தைப் பார்த்தேன். வருஷக்கணக்காகப் பேசாத அண்ணனும் தம்பியும் பாட்டி வைத்த மீன்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டதும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். குழம்பு கொதிக்கிற க்ளோசப் பிரமாதம். அழுகையைத்தான் நான் நம்பவில்லை.

ஆங் லீ 1994இல் எடுத்த ‘ஈட் டிரிங்க் மேன் வுமன்’ படத்தைத் தேடிப் பார். தாய்பே நகரம். மனைவியை இழந்த பெரிய சமையல்காரர் சூ, வளர்ந்த மூன்று பெண்கள். ஞாயிறுதோறும் வீட்டில் விருந்து. ஆரம்பத்தில் சில நிமிடங்களுக்கு வசனம் கிட்டத்தட்டக் கிடையாது. உயிர்மீனைப் பிடிக்கிறார், அறுக்கிறார், பொரிக்கிறார். பலகையில் கத்தி தட்டுகிறது, எண்ணெய் சீறுகிறது. கேமரா திரும்பத் திரும்ப அவர் கைகளுக்கே வருகிறது. அந்த மனிதர் பெண்கள்மேல் வைத்திருக்கும் பாசத்தை யாரும் நமக்குச் சொல்வதில்லை. அவ்வளவு உழைப்பைப் பார்த்தபின் சொல்லவும் வேண்டாம்.

அடுத்தது சாப்பாட்டு மேசை. சமையலறையில் பறந்த படம் இங்கே வந்ததும் நிதானிக்கிறது. மேசை கொள்ளாத பதார்த்தம், ஆனால் சுற்றி இருக்கும் முகங்களில் பசி இல்லை. இரண்டாவது மகள் ஜியா-சியென் குறை சொல்கிறாள், அப்பா முகம் சுருங்குகிறது. அவருக்கு நாக்கில் ருசி மங்கிவிட்டது. இந்த மேசையில்தான் மகள்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சேதியை உடைக்கிறார்கள், ஆள் குறைகிறது. சேர்ந்து சாப்பிடுவதாலேயே குடும்பம் சேர்ந்துவிடாது என்று தெரிந்த இயக்குநர் இவர்.

நடுவில் எனக்குப் பிடித்த ஓர் இடம். பக்கத்து வீட்டுச் சிறுமிக்குப் பள்ளிக்கே விருந்துச் சாப்பாடு கொண்டுபோகிறார் சூ. அவள் அம்மா கட்டிக்கொடுத்த சுமாரான டிபனை வாங்கித் தான் தின்கிறார். ருசி தெரியாதவருக்கு அதனால் என்ன நஷ்டம்!

கடைசிக் காட்சியில் சமைப்பவள் ஜியா-சியென். படித்து முன்னேறட்டும் என்று சிறுவயதில் அப்பா சமையலறையிலிருந்து விரட்டிய பெண். சாப்பிட வந்தவர் அவர் மட்டும். சூப்பைக் குடித்துவிட்டு இஞ்சி அதிகம் என்கிறார். அவள் விடுவாளா? வாதாடுகிறாள். அந்த வாக்குவாதத்துக்கு நடுவில்தான் அவருக்கு உறைக்கிறது, ருசி தெரிகிறது என்று. இன்னும் கொஞ்சம் கேட்டுக் கிண்ணத்தை நீட்டுகிறார். முதல் காட்சியில் தனியாக உழைத்த கைகளை இப்போது மகளின் கைகள் பிடித்துக்கொள்கின்றன. பாராட்டில் வராத சமாதானம் ஒரு குறையில் வந்துவிட்டது.

உன் படத்துக்கு வருகிறேன். நீ அண்ணனையும் தம்பியையும் முதல் ஷாட்டிலேயே ஒரே சட்டகத்துக்குள் உட்காரவைத்துவிட்டாய். பிறகு சேர்வதற்கு என்ன மிச்சம்? தனித்தனி ஷாட்டில் வை. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று தம்பி முணுமுணுக்கட்டும். அண்ணன் பேசாமல் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தட்டும். அப்போது மட்டும் இருவரும் சேர்ந்து தெரிந்தால் போதும். பின்னணியில் வரும் வயலினை எடுத்துவிடு, செம்பு தரையில் உரசும் சத்தம் கேட்கட்டும்.

கட்டிப்பிடிப்பதை வெட்டிவிட்டு மறுபடி அனுப்பு. அந்த மீன்குழம்பின் பக்குவத்தையும் பாட்டியாக நடித்தவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
பெரியப்பா