இணைய காலத்தில் வாசிப்பும் சிந்தனையும்

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் நகரின் ஆயராக விளங்கியவர் புனித அம்புறோஸ். அவருடைய அறைக்குள் எவரும் முன்னறிவித்தலின்றிச் செல்லலாம். அப்படிச் சென்றவர்களுள் ஒருவர், அப்போது முப்பது வயதளவினரான அகுஸ்தீனார். தாம் அங்கு கண்டதைப் பிற்காலத்தில் அவர் எழுதிவைத்துள்ளார். ஆயர் வாசித்துக்கொண்டிருந்தார். கண்கள் ஏட்டின்மேல் சென்றன, உள்ளம் பொருளைத் தேடிற்று, நாவோ அசையவில்லை. வந்தவர்கள் நெடுநேரம் மௌனமாக அமர்ந்திருந்தனர். பின்னர், அவரைக் குழப்ப மனமின்றி எழுந்து சென்றனர்.

இன்று நம் வீட்டில் ஒரு பிள்ளை புத்தகத்தைத் திறக்கிறது. அருகில் கைத்தொலைபேசி கிடக்கிறது. இரண்டாம் பந்தியை முடிக்குமுன் அது ஒலிக்கிறது. பிள்ளை அதை எடுத்துப் பார்க்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. அரை மணி நேரத்தின் பின் புத்தகத்துக்குத் திரும்பும்போது, எந்த இடத்தில் விட்டோம் என்பதே நினைவில்லை. அம்புறோசின் விருந்தினர் காட்டிய மரியாதையை இக்கருவி நமக்குக் காட்டுவதில்லை. இதனால் நாம் இழப்பது என்ன?

வாசிப்பு பிறவியில் வருவதன்று

குழந்தை பேச்சைக் கேட்டுக் கேட்டே பேசப் பழகிவிடுகிறது. வாசிப்பு அப்படியன்று. எழுத்து தோன்றி ஏறக்குறைய 5,000 ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்பதற்கென்று தனியுறுப்பு எதுவும் மூளையில் பிறவியிலேயே அமைந்திருக்கவில்லை. காண்பதற்கும் பேசுவதற்கும் பொருள் உணர்வதற்கும் உரிய பகுதிகளை ஒன்றோடொன்று தொடுத்துப் பழக்கியே நாம் ஒவ்வொருவரும் வாசிக்கக் கற்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் மேரியன் வுல்ஃப் 2007இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கியுள்ளார். பழக்கத்தால் வந்த திறமை பழக்கத்தாலேயே மாறவும் கூடும். ஆழ்ந்து வாசிப்பவர் அதில் தேர்ச்சி பெறுவார். மேலோட்டமாகப் பார்ப்பவர் மேலோட்டமாகப் பார்ப்பதிலேயே தேர்ச்சி பெறுவார்.

ஆழ்ந்த வாசிப்பு என்பது சொற்களைக் கடந்து செல்வது மட்டுமன்று. படித்ததை முன்னர் அறிந்ததோடு ஒப்பிடுவதும், 'இது உண்மைதானா?' என்று வினவுவதும், முன்பின் அறியாத ஒருவருடைய துன்பத்தை அவர் நிலையில் நின்று உணர்வதும் அதில் அடங்கும். இவை நொடிப்பொழுதில் நிகழ்வன அல்ல.

திரையில் நேர்வது

இணையப் பக்கங்களை மக்கள் எவ்வாறு பார்க்கிறார்கள் என்பதை ஜேக்கப் நீல்சன் குழுவினர் 2006இல் 232 பேரின் கண்ணசைவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். பலருடைய பார்வை ஆங்கில 'எஃப்' எழுத்தின் வடிவில் சென்றது. மேல்வரிகளைக் குறுக்காகப் பார்ப்பது, சற்றுக் கீழே இன்னுமொரு தடவை சிறிது தூரம் குறுக்காகப் பார்ப்பது, பின் இடப்புற ஓரமாகவே கீழிறங்கிவிடுவது. இதை மேய்தல் எனலாம். வாசித்தல் என்று சொல்ல முடியாது.

ஸ்பெயின், இஸ்ரேல் நாடுகளின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு 54 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. அவற்றில் பங்குபற்றியோர் 170,000க்கும் அதிகமானோர். தகவலும் விளக்கமும் தரும் பகுதிகளைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்களே நன்கு விளங்கிக்கொண்டனர். நேரம் குறிக்கப்பட்டிருந்தபோது இவ்வேறுபாடு மேலும் பெரிதாயிருந்தது. கதைகளைப் பொறுத்தவரை வேறுபாடு காணப்படவில்லை.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்கவேண்டும். 'இக்காலப் பிள்ளைகள் திரையோடு வளர்பவர்கள். பழகிவிடுவார்கள்' என்று பலர் கூறுவதுண்டு. ஆனால், 2000 முதல் 2017 வரையான அந்த ஆய்வுகளில், ஆண்டுகள் செல்லச் செல்ல இவ்வேறுபாடு குறையவில்லை, கூடியே வந்தது.

பரீட்சைப் புள்ளியோடு முடியும் விடயமன்று இது. தலைப்பை மட்டும் கண்டு பொங்கியெழும் பழக்கம் ஒரு சமுதாயத்தையே பாதிக்கும். 2018 மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கெதிராக வன்செயல்கள் நடந்தபோது, சமூக வலைத்தளங்களில் வதந்தியும் வெறுப்புரையும் பரவின. அரசாங்கம் அத்தளங்களைச் சில நாட்கள் தடைசெய்ய நேர்ந்தது. நிதானித்து வாசித்து, 'இதைச் சொன்னவர் யார்? ஆதாரம் என்ன?' என்று கேட்கப் பழகாத கை, வந்ததை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறது.

இணையம் நம் பகையா?

அல்லவே அல்ல. புதிய கருவியைக் கண்டு அஞ்சி ஒதுங்குவது நம் மரபன்று. அச்சுக்கலை புதிதாயிருந்த காலத்திலேயே, 1578இல், அன்றிக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்தோம். இன்றோ, 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் எவரும் இலவசமாகப் படிக்கத் தருகிறது. எந்த நெருப்பும் எட்டாத இடத்தில் நம் நூல்களை வைக்க உதவியது இணையமே.

ஆனால், நூல்கள் காக்கப்பட்டால் மட்டும் போதுமா? அவற்றைப் பொறுமையோடு வாசிக்கும் மனிதரும் வேண்டுமல்லவா?

வீட்டில் செய்யக்கூடியவை

நம்பிக்கை தரும் செய்தியொன்று உண்டு. மேலே கூறிய மேரியன் வுல்ஃப், இளமையில் தாம் விரும்பிப் படித்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவலொன்றை மீண்டும் எடுத்தபோது, அதைத் தம்மால் படிக்க முடியவில்லை என்று கண்டு திடுக்கிட்டார். வாசிப்பையே ஆராய்பவருக்கு இந்நிலை! அவர் நாள்தோறும் இருபது நிமிடம் மட்டும் ஒதுக்கி வாசிக்கலானார். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் பழைய வாசிப்பு அவருக்குத் திரும்பி வந்தது. 2018இல் வெளிவந்த தமது நூலில் இதை அவர் எழுதியிருக்கிறார்.

நாமும் இப்படித் தொடங்கலாம்:

1. மாலையில் இருபது நிமிடம் வீட்டார் யாவரும் வாசிக்கும் நேரமாக இருக்கட்டும். கைத்தொலைபேசிகள் யாவும் வேறு அறையில் இருக்கட்டும். அப்பாவினதும் அம்மாவினதும் உட்பட.

2. எழுத்தறியாத சிறுவர்க்குப் பெரியவர்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டட்டும். அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டுவதும் நன்றே.

3. பாடங்களில் விளங்கிக்கொள்ள வேண்டிய நீண்ட பகுதிகளை இயன்றவரை தாளில் படிக்கட்டும். தேடி அறிய இணையம். ஊன்றிக் கற்கப் புத்தகம்.

4. முழுவதும் வாசிக்காத எதையும் பிறருக்கு அனுப்பாதிருப்போம்.

'பிள்ளை வாசிப்பதில்லை' என்று குறைகூறுமுன் நம்மையே கேட்போம்: அது வாசிக்கும் வேளையில் அதைக் குழப்பாமல் விட்டோமா? அம்புறோசைக் காண வந்தவர்களுக்கும் கேட்பதற்கு ஆயிரம் கேள்விகள் இருந்திருக்கும். ஆயினும் அவர்கள் மௌனமாக எழுந்து சென்றார்கள். அந்த மௌனத்தை நம் பிள்ளைகளுக்கு யார் கொடுப்பது? நாமே கொடுக்கவேண்டும்.

குடும்பமாகச் சிந்திக்க:

கடந்த ஒரு மாதத்தில் நாம் முதலிலிருந்து முடிவுவரை வாசித்த நூல் எது?

நம் வீட்டில் எவரும் குழப்பாத நேரமென்று ஒன்று உண்டா?