பதிவேடு நிரம்பினால் தரவுத்தளம் ஏன் நின்றுவிடுகிறது?

கைப்பேசியில் ‘சேமிப்பு இடம் போதவில்லை’ என்று வந்தால் என்ன செய்வோம்? பழைய படங்களையும் காணொளிகளையும் அழித்துவிட்டு வேலையைத் தொடர்வோம். வங்கி, மருத்துவமனை, இணையக் கடை ஆகியவற்றின் தரவுத்தளங்களுக்கும் இதே சிக்கல் வருவதுண்டு. ஆனால், அங்கே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது குப்பை அல்ல. யோசிக்காமல் அழித்தால் தரவுத்தளத்தையே கவிழ்த்துவிடக்கூடிய ஒரு கோப்பு அது. பரிவர்த்தனைப் பதிவேடு என்பது அதன் பெயர். கணினித் துறையினர் ‘டிரான்சாக்‌ஷன் லாக்’ என்பார்கள்.

அது எதற்கு என்று முதலில் பார்ப்போம். அம்மா தம் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு 50 வெள்ளி அனுப்புகிறார். தரவுத்தளத்துக்கு இது இரண்டு வேலை. ஓரிடத்தில் 50ஐக் கழிக்க வேண்டும். இன்னோரிடத்தில் 50ஐக் கூட்ட வேண்டும். கழித்துவிட்டது, கூட்டுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. அந்த 50 வெள்ளி எங்கே?

இந்த நிலை வரக்கூடாது என்பதற்காக, வட்டில் உள்ள அட்டவணையை மாற்றுவதற்கு முன்பே, செய்யும் மாற்றத்தைத் தரவுத்தளம் பதிவேட்டின் கடைசியில் எழுதிவிடுகிறது. மின்சாரம் திரும்பியதும் அந்தப் பதிவேட்டைப் படிக்கிறது. ‘முடிந்தது’ என்று குறிக்கப்பட்ட பரிவர்த்தனைகள் அட்டவணைக்குப் போய்ச் சேராமல் இருந்தால் அவற்றை மறுபடியும் செய்கிறது. பாதியில் நின்றவற்றை இல்லாமல் ஆக்குகிறது. இந்த மீட்பு முறையை விளக்கும் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை 1992இல் வெளிவந்தது. ‘ஏரீஸ்’ எனப்படும் அந்த முறையின் முதன்மை ஆசிரியர், சென்னை ஐஐடியில் படித்து, பிறகு ஐபிஎம் நிறுவனத்தில் ஆய்வாளராக விளங்கிய சி. மோகன்.

சரி, பதிவேடு ஏன் பெருத்துப் போகிறது? பள்ளிக் கூட்டுறவுக் கடையில் 500 பேனாக்கள் இருக்கின்றன. கடையின் அட்டவணையில் பேனாவுக்கு ஒரே ஒரு வரிசைதான்: ‘பேனா, 500’. ஒவ்வொன்றாக எல்லாம் விற்றுத் தீர்ந்தாலும் அது ஒரே வரிசைதான்: ‘பேனா, 0’. அட்டவணை கொஞ்சமும் வளரவில்லை. பதிவேட்டிலோ 500 பதிவுகள் சேர்ந்துவிட்டன. அட்டவணைக்கு ‘இப்போது எவ்வளவு’ என்பது மட்டுமே தெரியும். பதிவேட்டுக்கு நடந்ததெல்லாம் தெரியும். சிறிய தரவுத்தளத்துக்கும் மிகப் பெரிய பதிவேடு இருக்க முடியும் என்பதற்கு இதுவே காரணம்.

பதிவேடு வட்டை நிரப்பிவிட்டால், புதிய மாற்றம் எதையும் தரவுத்தளம் ஏற்காது. முதலில் பதிவேட்டில் எழுது, பிறகு மாற்று என்பதல்லவா விதி? எழுத இடமில்லை என்றால் மாற்றமும் இல்லை. நிரலில் பிழையில்லை, பயனர் தவறு செய்யவில்லை. ஆனாலும் கடையில் ஒரு பேனாகூட விற்க முடியாது.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வரில் ‘முழு மீட்பு’ முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், ‘இரவுதோறும் தரவுத்தளம் முழுவதையும் நகல் எடுக்கிறோமே, பதிவேடு ஏன் குறையவில்லை?’ என்று கேட்பார்கள். முழு நகல் எடுப்பதால் பதிவேட்டில் இடம் விடுபடாது. பதிவேட்டையே தனியாக நகல் எடுக்க வேண்டும். அப்போதுதான், நகலில் போய்ச் சேர்ந்த, இனித் தேவைப்படாத பகுதியின்மேல் புதிதாக எழுதலாம் என்று தரவுத்தளம் குறித்துக்கொள்ளும். அப்போதும் கோப்பின் அளவு சுருங்காது. உள்ளே இடம் காலியாகும், அவ்வளவுதான். தண்ணீரை ஊற்றிவிட்டால் வாளி சிறிதாகிவிடுமா என்ன?

இந்த நகல்களைச் சும்மா அடுக்கி வைக்காமல் இன்னொரு பயனுள்ள வேலைக்கும் அனுப்பலாம். அதுதான் ‘லாக் ஷிப்பிங்’, அதாவது பதிவேட்டை அனுப்பிவைத்தல். முதன்மைச் சேவையகம் தன் பதிவேட்டின் ஒரு துண்டை நகல் எடுக்கிறது. அந்தத் துண்டு வேறோர் இடத்திலுள்ள துணைச் சேவையகத்துக்குப் போகிறது. துணைச் சேவையகம் அதிலுள்ள மாற்றங்களை அதே வரிசையில் தன்னிடமும் செய்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் நாமாக மாற்றாவிட்டால், 15 நிமிடங்களுக்கு ஒருமுறை இது நடக்கும். முதன்மைச் சேவையகம் எரிந்தே போனாலும், துணைச் சேவையகம் கிட்டத்தட்ட அதே நிலையில் தயாராக இருக்கும். கடைசியாக அனுப்பிய துண்டுக்குப் பின் நடந்தவை மட்டுமே கை நழுவும்.

துண்டுகள் ஒரு சங்கிலிபோல. பத்தாவது துண்டு தொலைந்துவிட்டால் பதினொன்றாவது கையில் இருந்தும் பயனில்லை. அப்போது துணைச் சேவையகத்தை அடியிலிருந்து மறுபடி அமைக்க வேண்டிவரும்.

2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் இணையத்தளத்தில் நடந்தது இதுதான். உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. அதன் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் வகை. இவ்வகையில் பதிவேடு வழக்கமாக 16 மெகாபைட் துண்டுகளாக எழுதப்படும். முதன்மைச் சேவையகம் தனக்குத் தேவைப்படாத பழைய துண்டுகளை அகற்றிவிடும். அன்று தளத்தில் வேலைச்சுமை கூடியதால் துணைச் சேவையகம் பின்தங்கியது. அதற்குத் தேவையான துண்டுகளைக் கேட்டபோது அவை ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தன. அவற்றை வேறோர் இடத்தில் சேமித்து வைக்கும் ஏற்பாடும் இல்லை. சங்கிலி அறுந்தது.

துணைச் சேவையகத்தை மறுபடி அமைக்க, அதிலுள்ள தரவுக் கோப்புறையைக் காலி செய்ய வேண்டும். இரவு நேரம், நாள் முழுதும் வேலை செய்து களைத்த பொறியாளர். அழிக்கும் கட்டளையைத் துணைச் சேவையகத்தில் கொடுப்பதாக நினைத்து, முதன்மைச் சேவையகத்தில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 கிகாபைட். தினசரி நகல்களைத் தேடினார்கள். மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அவை எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்த நகல் ஒன்று இருந்ததால் தளம் பிழைத்தது. ஏறத்தாழ 5,000 திட்டப் பதிவுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போயின. நிரல்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் விரிவாக வெளியிட்டதால்தான் இன்று நாம் இதைப் பாடமாகப் படிக்கிறோம். அந்தப் பொறியாளரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சங்கிலி அதற்கு முன்பே அறுந்துவிட்டது.

‘அப்படியானால் துணைச் சேவையகம் பெற்றுக்கொள்ளும்வரை எதையும் அகற்றாதே’ என்று சொல்லிவிடலாமே என உங்களில் சிலர் கேட்கலாம். போஸ்ட்கிரெஸில் அந்த வசதியும் உண்டு. ஆனால், துணைச் சேவையகம் செயலிழந்து, யாரும் கவனிக்காமல் விட்டால்? அதற்காகக் காத்திருக்கும் துண்டுகள் குவிந்து முதன்மைச் சேவையகத்தின் வட்டை நிரப்பிவிடும். துணையைக் காப்பாற்றப் போய் முதன்மை நின்றுவிடும். ஆகவே 2020இல் வந்த 13ஆம் பதிப்பில், ‘இவ்வளவு வரைதான் காத்திரு’ என்று எல்லை வகுக்கும் வசதியைச் சேர்த்தார்கள். அந்த எல்லையை எவ்வளவு என்று வைப்பது? அதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

நீங்களே போட்டுப் பாருங்கள். பதிவேடு நிமிடத்துக்கு 20 மெகாபைட் வளர்கிறது. வட்டில் 60,000 மெகாபைட் காலியாக உள்ளது. எல்லை எதுவும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் துணைச் சேவையகத்துடனான தொடர்பு அறுந்துவிடுகிறது. 60,000ஐ 20ஆல் வகுத்தால் 3,000 நிமிடங்கள், அதாவது 50 மணி நேரம். ஞாயிறு இரவு 8 மணிக்குத் தரவுத்தளம் நின்றுவிடும். அலுவலகத்துக்கு ஆள் வருவது திங்கள் காலையில்.