நகையும் மடனும்: கொட்டகையில் கற்ற பாடம்

நகை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. அணிகலனும் நகையே; சிரிப்பும் நகையே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகையையே முதலாவதாக வைத்தார். அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகிய ஏழும் அதன் பின்னரே வருகின்றன. ஆயினும் நகைச்சுவைத் திரைப்படங்களை 'வெறும் சிரிப்புப் படம்' என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று பெரியோர் கேட்கின்றனர், மாணவரும் கேட்கின்றனர். அவ்வினாவுக்குத் தொல்காப்பியத்தின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகை பிறக்கும் இடங்கள்

நகைக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுவர். எள்ளல் என்பது இகழ்ந்து சிரித்தல். இளமை என்பது குழந்தைத்தன்மை. பேதைமை என்பது அறியாமை. நான்காவதாகிய மடனையும் அறியாமை என்றே பலர் கொள்வர். ஆனால் உரையாசிரியர் இவ்விரண்டுக்கும் நுட்பமான வேறுபாடு காட்டுவர். பிறர் அறிவிக்க ஏற்றுக்கொண்டதைப் பின்னர் எந்நிலையிலும் விடாதிருப்பதே மடம். பேதைக்கு ஒன்றும் தெரியாது. மடவோனோ தெரிந்த ஒன்றை விடமாட்டான்.

இவ்வேறுபாட்டை வகுப்பறையில் விளக்க எமக்குப் பெரிதும் கைகொடுப்பது, 1989இல் கங்கை அமரன் இயக்கி வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியாகும். ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கொண்டுவந்து தருகிறார் செந்தில். இன்னொரு பழம் எங்கே என்ற வினாவுக்கு, கொண்டுவந்த அப்பழமே அந்த இன்னொன்று என்பது அவர் விடை. கேட்பவர் கெஞ்சினாலும் கொதித்தாலும் விடை மாறுவதில்லை. மடனுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இம்மரபு புதியதும் அன்று. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி 1941இல் வெளிவந்த 'சபாபதி'யில், டி.ஆர். இராமச்சந்திரன் தலைவனாகவும் காளி என். ரத்தினம் வேலையாளாகவும் நடித்தனர். இருவர் பெயரும் சபாபதியே. தலைவனின் பேதைமையும், சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் வேலையாளின் மடனும் மாறி மாறி மோதுவதே அதன் சுவை.

மெய்யில் படுவது மெய்ப்பாடு

உள்ளத்து உணர்வு பிறர் காணுமாறு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. ஆகவே காண்பதற்கு ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை நினைவுகூர்க. அங்கே பேயும் இல்லை, இருட்டும் இல்லை; நாகேஷின் கையசைவும் வாயொலியும் மட்டுமே உள்ளன. நாம் சிரிப்பதோ, கேட்டு நடுங்கும் பாலையாவின் முகத்தைக் கண்டு. அச்சம் அவருக்கு, நகை நமக்கு.

திரையரங்கிலும் இதுவே நிகழ்கிறது. பக்கத்திலிருப்பவர் குலுங்குவதைக் கண்டு நாமும் குலுங்குகிறோம். மனிதர் தனித்திருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாகச் சிரிக்கின்றனர் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன் கண்டறிந்தார். மெய்ப்பாடு என்னும் சொல்லுக்குள்ளேயே அக்கருத்து பொதிந்திருப்பதை எண்ணி வியக்கலாம்.

கொட்டகையில் கண்டது

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள முண்டியம்பாக்கம் எம் ஊர். இன்று அரசு மருத்துவக் கல்லூரியால் அறியப்படும் அவ்வூர், யாம் சிறுவராய் இருந்த நாளில் சர்க்கரை ஆலையால் அறியப்பட்டது. ஊரையடுத்து இருந்த கீற்றுக் கொட்டகையில்தான், படம் வெளிவந்து ஓராண்டு கழித்து, வீட்டுக்குத் தெரியாமல் 'கரகாட்டக்காரன்' பார்த்தோம். மணல் தரையில் ஆலைத் தொழிலாளரும், கரும்பு வண்டி ஓட்டுவோரும், பூ விற்கும் பெண்களும் நெருங்கி அமர்ந்திருந்தனர். வாழைப்பழக் காட்சியில் எழுந்த சிரிப்பில் அடுத்து வந்த உரையாடல்கள் காதில் விழவேயில்லை. கொடுத்த கடனைக் கேட்டு நடந்தவரும், அலுவலகச் சாளரத்தில் ஒரே விடையைப் பத்து முறை பெற்றவரும் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். கவுண்டமணியின் இடத்தில் நில்லாதார் யார்? சிறு பொய் ஒன்றைச் சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொண்டு செந்திலின் இடத்தில் நில்லாதாரும் யார்?

திரைப்படத்தை விரும்பாத எம் அத்தா, இஷா தொழுகையை முடித்து எம்மைத் தேடிவந்து கொட்டகை வாயிலில் நின்றிருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர்கள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. வீடு சேரும்வரை ஒன்றும் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "அந்த இன்னொரு பழம் கடைசியில கெடைச்சுதா இல்லியா?" என்று கேட்டார்கள்.

எள்ளலின் எல்லை

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்று. சில நாட்களில், படங்களில் கேட்ட வசைப் பெயர்களைக் கருத்துப் பருத்திருந்த வகுப்புத் தோழன் ஒருவனுக்குச் சூட்டி அழைத்தோம். எல்லோரும் சிரித்தனர். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் பள்ளிக்கு வரவில்லை. செய்தியறிந்த அத்தா எம் கையைப் பற்றி அவன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். வழியில் அவர்கள் சொன்னது இவ்வளவே: "அன்னிக்கு நானும் சிரிச்சேன். இதுக்குச் சிரிக்க முடியலை."

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைக் கேலி செய்வதையும், பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் திருக்குர்ஆன் (49:11) தடுத்திருப்பதைப் பின்னரே ஓதி உணர்ந்தோம். தொல்காப்பியர் எள்ளலையும் நகையின் களனாகக் கூறினாரே எனின், உலகில் உள்ளதைக் கூறுவது இலக்கணம். அதில் கொள்ளத்தக்கதைத் தேர்வது நம் பொறுப்பு. பிறர் நிறத்தையும் உடலையும் இகழும் காட்சிகள் நம் நகைச்சுவைப் படங்களில் குறைவல்ல. 'கரகாட்டக்காரன்' உட்பட நாம் விரும்பிப் பார்க்கும் படங்களிலும் அத்தகைய சொற்கள் உண்டு. பேதைமையும் மடனும் தரும் சிரிப்பில் எல்லோர்க்கும் இடம் உண்டு. ஏனெனில் அவை எல்லோரிடமும் உள்ளவை. எள்ளலின் சிரிப்பிலோ ஒருவர் மட்டும் சிரிக்காமல் அமர்ந்திருப்பார்.

முடிவுரை

அண்மையில் எம் வகுப்பில் அவ்வாழைப்பழக் காட்சியைத் திரையிட்டோம். மாணவர் அனைவரும் அதனைக் கைப்பேசியில் பன்முறை கண்டவர்களே. தனியே காணும்போது புன்னகையோடு கடந்துவிடுவோம் என்றவர்கள், அறுபது பேராக அமர்ந்தபோது மேசையைத் தட்டிச் சிரித்தனர். சிரிப்பு அடங்கியபின் ஒரு மாணவி, "ஐயா, இதில் மடவோன் ஒருவரா, இருவரா?" என்று கேட்டார். ஒரே விடையைத் தருபவர் மட்டுமல்லர், ஒரே வினாவை விடாது கேட்பவரும் மடவோரே அல்லரோ என்பது அவர் கருத்து. இருபது ஆண்டாக இக்காட்சியை எடுத்துக்காட்டி வரும் எமக்கு அது தோன்றியதில்லை.

மாணவச் செல்வங்களே, சிரிப்புப் படத்தைத் தனியே பார்க்காதீர். நண்பரோடும் குடும்பத்தோடும் அமர்ந்து பாருங்கள். அரங்கம் சிரிக்கும்போது ஒருமுறை பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். அருகிலிருப்பவரும் சிரித்தால் அந்நகை அணிகலனுக்கு நிகர். அவர் சிரிக்கவில்லையாயின், அந்தச் சிரிப்பை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.