அரிசியின் உயிர்ச்சத்தைக் காப்போம்

கமக்காரர் ஒருவர் பல மாதம் பாடுபட்டு விளைவித்த நெல், அவருடைய பிள்ளைகளின் கலத்தை அடையுமுன் தன் சத்தில் பெரும்பகுதியை இழந்துவிடக்கூடும். அவ்விழப்பு வயலில் நிகழ்வதன்று. ஆலையிலும் அடுப்படியிலும் நிகழ்வதாகும்.

உமியின் கீழ், தவிடாக நீங்கும் மெல்லிய தோலிலும் முளையிலுமே 'பீ 1' என்னும் உயிர்ச்சத்து, அதாவது விற்றமின், மிகுதியாக உள்ளது. சோற்றிலுள்ள மாச்சத்தை உடல் வலுவாக மாற்றுதற்கு இஃது இன்றியமையாதது. உடல் இதனை நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. ஆதலால் உணவின் மூலம் இடைவிடாது பெறுதல் வேண்டும். இது குறையின் பசியின்மை, சோர்வு, கால் விறைப்பு ஆகியன தோன்றும். முற்றின் 'பெரிபெரி' நோய் உண்டாகி இருதயம் பலவீனமடையும். தாய்க்கு இச்சத்துக் குறைந்தால் பால்குடிக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இவ்வுண்மைக்கு வழிகாட்டியவை கோழிகளாகும். 1890ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், யாவாத் தீவில் பணியாற்றிய ஒல்லாந்த வைத்தியர் ஐக்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் தேறுவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது, இச்சத்து நீரிற் கரைந்து அரிசியின் உட்புறஞ் செல்கின்றது. பின்னர்த் தவிடு நீங்கினும் ஒரு நற்பங்கு எஞ்சி நிற்கும். பச்சையரிசியைத் தீட்டும்போதோ அது தவிட்டுடன் போய்விடும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுக:

1. வீட்டுத் தேவைக்குரிய நெல்லைப் புழுக்கிக் குற்றுவியுங்கள். பச்சையரிசி வேண்டின், தவிடு முற்றாக நீங்காதவாறு அளவாகத் தீட்டுவியுங்கள்.

2. தவிடு நீங்காத அரிசி அதிலுள்ள எண்ணெய் காரணமாக விரைவிற் பழுதடையும். சிறிது சிறிதாகவே குற்றுவியுங்கள்.

3. அரிசியைக் கல், தூசி நீங்குமளவிற்குக் கழுவினாற் போதும். பலமுறை பிசைந்து கழுவினால் சத்து நீருடன் போகும்.

4. கஞ்சியை வடித்து ஊற்றாதீர்கள். அளவாக நீர் விட்டுச் சமையுங்கள். வடித்தால் அக்கஞ்சியைப் பருகுங்கள்.

5. பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றிலும் இச்சத்துண்டு. விரைவில் அவியும்பொருட்டு அப்பச்சோடா இடுவது இதனை அழிக்கும்.

கால் விறைப்போ வீக்கமோ கண்டவர் உணவை மட்டும் நம்பியிராது உடனே வைத்தியரை நாடவேண்டும்.

அடுத்த முறை ஆலைக்குச் செல்லும்போது, வெண்மையாகத் தீட்டவேண்டாம் என்று ஆலைக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.